கீழே சாய்த்த தீ

சிவமயம்

கார்ட்டியர்வில், மொன்றியல்
8 ஒக்டோபர் 2023

தம்பி இரவிச்சந்திரனுக்கு அக்கா எழுதுவது.

இங்கே அம்மா கட்டிலோடும் நான் முழங்கால் நோவோடும் இருக்கிறோம். அங்கே நீ, நிரஞ்சனி, மகள் ஆர்த்திகா மூவரும் சுகமாக இருக்க அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் போன் இலக்கத்தை நான் தடுத்து வைத்திருப்பது உனக்கு இப்போது தெரிந்திருக்கும். உன் குரலைக் கேட்டால் அம்மா அழுகிறார். பிறகு இரண்டு நாள் கஞ்சி இறங்குவதில்லை. கஞ்சி பருக்குகிறவள் நான், நீ இல்லை. பத்து வருடமாகப் போனில் "வாறன் அக்கா, வாறன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். வருவதென்றால் இனித் தாளில் எழுது.

டொக்டர் வந்து பார்த்தார். இந்தக் குளிர்காலம் தாண்டுவது சந்தேகம் என்றார். நான் உனக்குச் சுற்றிவளைத்து எழுதவில்லை. அம்மாவின் கதை உனக்குத் தெரியும். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் "ரவி வந்திட்டானோ?" என்பார். நான் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு பனியில் நனைந்து வந்து நிற்பேன். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "என்ர பெடியன் வந்து கொள்ளி வைக்காமல் நான் போகமாட்டன்" என்று தாதிப் பெண்ணிடமும் தமிழில் சொல்கிறார். அந்தப் பிள்ளை பிரெஞ்சில் "வி, மதாம்" என்று தலையாட்டுகிறது.

அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ வரவில்லை, ஒரு படஅட்டை வந்தது. தொப்பி போட்ட ஒருவன் மாட்டின் கழுத்தில் கத்தி இறக்குகிற கற்சிற்பம். அம்மாவுக்குக் காட்டினேன். கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரவி இப்ப இறைச்சிக்கடையிலையோ வேலை?" என்று கேட்டார். தொண்ணூற்றொரு வயதுத் தாய்க்கு அனுப்புகிற படமா அது?

எப்போது வருகிறாய் என்று திகதி போட்டு எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா சிவநேசம்


பிராங்போட்
29 ஒக்டோபர் 2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு நிரஞ்சனி ஒரு தைலம் அனுப்புகிறாள். இரவில் பூசிக் கம்பளித் துணி சுற்றச் சொன்னாள். அம்மாவின் கால்களை என் சார்பில் ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்துக்காகக் கோபிக்க வேண்டாம். இங்கே பழைய மடம் ஒன்றில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்த்திகா கூட்டிப் போனாள். உங்களுக்குக் கல்லும் கோயிலும் பிடிக்கும் என்றுதான் வாங்கினேன். எனக்கு அதைக் கண்டதும் எங்கள் மகிடாசுரமர்த்தினி நினைவுதான் வந்தது. இரண்டு பக்கமும் பந்தம் பிடித்தபடி இரண்டு சின்ன ஆட்கள் நிற்கிறார்களே, நம்முடைய துவாரபாலகர் மாதிரி இல்லையா? ஒருவன் பந்தத்தை மேலே பிடித்திருக்கிறான். மற்றவன் கீழே சாய்த்துப் பிடித்திருக்கிறான். ஏன் என்று ஆர்த்திகா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் ஆள் குறைவு. இந்த மாதம் விடுமுறை கேட்க முடியாது. மார்கழியில் நத்தார் பண்டிகை விடுமுறையோடு சேர்த்துக் கட்டாயம் வருவேன். அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
இரவி


சிவமயம்

கார்ட்டியர்வில்
19 நவம்பர் 2023

தம்பிக்கு,

சுகம் கேட்டதற்குச் சுகம். தைலம் வந்தது. வாசம் அறை முழுக்க அடிக்கிறது, நோவு அப்படியே இருக்கிறது. நிரஞ்சனியைக் கேட்டதாகச் சொல்.

தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதாதே. அது மகிடாசுரன் இல்லை. அந்த மாடு ஒரு குற்றமும் செய்யவில்லை, யாரோடும் போர் செய்யவில்லை. குத்துகிறவன் பெயர் மித்ராஸ். உரோமப் படைக்காரர் நிலத்துக்குக் கீழே குகைபோல இருட்டு அறை கட்டி அவனை வைத்தார்கள். இங்கே நூலகத்தில் இருக்கிற மதாம் எனக்கு மூன்று புத்தகம் எடுத்துத் தந்தார். இரண்டு பிரெஞ்சு, ஒன்று ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். எட்டாம் வகுப்போடு என்னை மறித்து உன்னைப் படிக்க வைத்தார்கள். படித்தவன் படஅட்டை வாங்குகிறான்.

அந்த இரண்டு பேரும் வாயிற்காவலரும் இல்லை. காவலுக்கு நிற்கிறவன் கையில் தண்டு இருக்கும், கண்ணில் கோபம் இருக்கும். இவர்கள் காலுக்கு மேல் கால் போட்டு ஆறுதலாக நிற்கிறார்கள். மேலே பிடித்தவன் கௌட்டெஸ், கீழே சாய்த்தவன் கௌட்டோபட்டெஸ். மாட்டைக் கொல்லுகிறவன் போட்டிருக்கிற அதே உடுப்பு, அதே தொப்பி. ஆனால் உருவத்தில் சின்னவர்கள். கொலைக்குக் கை கொடுப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. ஒருவன் சூரியன் எழுவது, மற்றவன் சூரியன் விழுவது என்று புத்தகக்காரர் எழுதுகிறார்கள். எழுதட்டும். அவர்களில் ஒருவரும் சுடலைக்குப் போனதில்லை. கொள்ளியை மேலே பிடித்துக்கொண்டுதான் போவார்கள். வைக்கும்போதுதான் கீழே சாய்ப்பார்கள். மேலே பிடித்தவன் வீட்டில் விளக்கெரித்துக் காத்திருந்தவன். சாய்த்தவன் கொள்ளி வைக்க வந்தவன். என் கருத்து இது. இதை நான் மாற்றமாட்டேன்.

இன்னொன்றும் வாசித்தேன். அந்தக் குகைக்குள் பெண்களை விடவில்லையாம். கல்லில் எழுதிய பெயர்களெல்லாம் ஆண்களின் பெயர்கள். இதற்கு அவ்வளவு புத்தகம் தேவையில்லை. அப்பாவைக் கொண்டுபோனபோது என்னையும் அம்மாவையும் வாசற்படலையில் மறித்தார்கள். நீ ஜேர்மனியில் இருந்தாய். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். அன்றைக்கு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழவில்லை. "என்ர பெடியன் இல்லாமல் போச்சே" என்று படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது.

நீ மார்கழியில் வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வராவிட்டாலும் ஒன்று செய். அந்த அருங்காட்சியகத்துக்குப் போய், சாய்த்துப் பிடித்த பந்தத்தின் நெருப்பு நிலத்தில் முட்டுகிறதா இல்லையா என்று பார்த்து எழுது. என் புத்தகங்களில் அந்த இடம் தெளிவாக இல்லை.

அம்மா பாதிக் கரண்டி கஞ்சியோடு வாயை மூடிக்கொள்கிறார். இது இரண்டாம் முறை கூப்பிடுகிறேன். வா.

அக்கா


பிராங்போட்
20 டிசம்பர் 2023

அன்புள்ள அக்கா,

நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே கடும் குளிர் என்று செய்தியில் பார்த்தேன். இங்கே எல்லோருக்கும் தடிமன், மூக்கடைப்பு.

நீங்கள் எழுதியபடியே நடந்துவிட்டது. மார்கழியில் வர முடியவில்லை. ஆர்த்திகாவுக்குப் பரீட்சை. எனக்கு முதுகில் பிடிப்பு, எட்டு மணித்தியாலம் இருந்து பறக்க முடியாது. சாட்டு என்று சொல்வீர்கள். மாசியில் வருகிறேன்.

நீங்கள் சொன்னபடி போய்ப் பார்த்தேன். காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் குனிந்து அந்தச் சின்ன மனிதனின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெருப்பு நிலத்தில் முட்டவில்லை அக்கா. ஒரு சாண் மேலே நிற்கிறது. அவனுடைய முகம் தேய்ந்துபோயிருக்கிறது. துக்கமா நித்திரையா என்று சொல்ல முடியவில்லை. இன்னொன்றையும் கண்டேன். கத்தியால் குத்துகிறவன் மாட்டைப் பார்க்கவில்லை. முகத்தைத் தோளுக்கு மேலால் பின்னே திருப்பிக்கொண்டிருக்கிறான். செய்யத்தான் வேண்டும், ஆனால் பார்க்க முடியாது என்பதுபோல. அவனில் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றேன்.

கொள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சொல்லாமல் விடமுடியாது. நீங்களும் சுடலைக்குப் போனதில்லையே அக்கா. நானும் போகவில்லை. கொள்ளியை எப்படிப் பிடிப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இந்த வரிகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்: அம்மா, நான் உங்களை மறக்கவில்லை. நான் வந்தால்தான் போவதாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் எனக்குக் கால் எழும்புகுதில்லை.

உங்கள் தம்பி
இரவி


சிவமயம்

கார்ட்டியர்வில்
7 ஜனவரி 2024

தம்பிக்கு,

தடிமன் சுகமாகியிருக்கும் என நம்புகிறேன்.

நெருப்பு நிலத்தில் முட்டவில்லை என்ற செய்திக்கு நன்றி. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவனில் உனக்கு இரக்கம் வந்தது எனக்குப் புதினமாக இல்லை.

அம்மாவுக்கு எழுதியதை வாசித்தேன். முதல் வரியை மட்டும். மற்றதை ஒரு தாய்க்கு வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ வராமல் இருந்தால் அம்மா சாகமாட்டார் என்றா நினைக்கிறாய்? இதைத்தானா அந்த நாட்டில் முப்பது வருடமாகப் படித்தாய்?

"வாறன் எண்டு எழுதியிருக்கிறானோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

"எப்பவாம்?"

"மாசியிலையாம்."

"எந்த மாசி?"

நீ சொல். எந்த மாசி?

அம்மாவின் முதுகில் புண் வந்துவிட்டது. புரட்டும்போது என் கையைத்தான் கடிக்கிறார். மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன், இதோடு சேர்த்து. நான்காவது முறை கூப்பிடமாட்டேன்.

அக்கா


பிராங்போட்
28 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நிரஞ்சனியும் என்னை ஏசினாள். அவளே பயணச்சீட்டைப் பதிந்துவிட்டாள். பங்குனி (மார்ச்) 16ஆம் திகதி, சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே இறங்குகிறேன். அதற்கு முந்திய விமானம் ஒன்றில் இடம் இருந்தது, மாற்ற முயன்றேன், முதலாளி விடவில்லை. இந்த முறை திகதி போட்டு எழுதியிருக்கிறேன் அக்கா. மூன்று கிழமை நிற்பேன். நீங்கள் ஆறுதலாக நித்திரை கொள்ளலாம். அம்மாவை நான் புரட்டுகிறேன்.

புண்ணுக்கு இங்கே ஒரு நல்ல களிம்பு இருக்கிறது, கொண்டுவருகிறேன். காற்று அடைக்கிற மெத்தை ஒன்றும் வாங்கிவிட்டேன், மடித்தால் பெட்டிக்குள் அடங்கும். அம்மா இப்போது என்ன சாப்பிடுகிறார்? இனிப்புக் கொடுக்கலாமா? குளிருக்கு மெல்லிய கம்பளிச் சட்டை எடுக்கவா? அளவு எழுதுங்கள். நிறைய மெலிந்திருப்பார் என நினைக்கிறேன்.

அவருக்குத் திகதியைச் சொல்லுங்கள். அம்மாவின் கையில் எழுதியே விடுங்கள்.

வருவேன் என்று சொல்லி வரப்போகிற
தம்பி இரவி


கார்ட்டியர்வில்
22 பெப்ரவரி 2024

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது நோவு இல்லை. முதுகுப் புண்ணைப் பற்றிய கவலையும் இல்லை. அறையைத் துப்புரவாக்கி ஜன்னலைத் திறந்துவிட்டேன், தைல வாசமும் போய்விட்டது. சட்டை தேவையில்லை. மெத்தை வாங்கிவிட்டாய் என்றால் கொண்டுவா, காசு கொடுத்து வாங்கியதை எறிய முடியாது.

16ஆம் திகதி மிகவும் நல்லது. அதை மாற்றாதே. விமான நிலையத்துக்கு அனுப்ப என்னிடம் ஆள் இல்லை, டாக்சி எடு. அன்றைக்கு வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். சமையல் உண்டு. பசியோடு வா.

என் வாசிப்பு முன்னேறியிருக்கிறது. அந்தப் பந்தக்காரர் இருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், மற்றவர்களை விட்டுவிட்டேன். மாடு சாகும்போது சும்மா நிற்கிறவர்கள் அந்த இருவர் மட்டும்தான். மற்றெல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். நாய் பாய்ந்து இரத்தத்தை நக்குகிறது. பாம்பும் அதற்குத்தான் வருகிறது. தேள் மாட்டின் மறைவிடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாலின் நுனியில் கோதுமைக் கதிர் முளைக்கிறது. நல்ல வடிவான கதிர். சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரிவதுபோல. மேலே காகம். சூரியன் சொல்லிவிட்ட செய்தியைக் காகம் கொண்டுவருகிறது என்று ஒரு புத்தகம் சொல்கிறது. செய்தி வந்தபடியால்தான் அவன் கொன்றான் என்கிறார்கள். செய்தி வராவிட்டால் என்ன செய்திருப்பான் என்று ஒருவரும் எழுதவில்லை. கத்தியும் கையுமாக அந்தக் குகைக்குள் இன்னும் நின்றுகொண்டிருப்பான்.

சாய்த்த பந்தத்தைத் தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வா. மறக்காதே.

அக்கா


லொங்குய்ய்
28 பெப்ரவரி 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்பான நேசம் அக்கா,

கர்த்தர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும். போனை எடுக்கிறீர்கள் இல்லை. இரண்டு தரம் மெத்ரோவும் பஸ்ஸும் மாறி வந்து கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோச் சத்தம் கேட்டது. அதனால் இதை எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போகிறேன்.

ஷபனேல் தெருவில் தையல் மெசினுக்கு முன்னால் பத்தொன்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் நாங்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். அம்மாவின் எட்டாம் நாள் சடங்குப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு நின்றபோது, "ரவிக்கு நான் இன்னும் சொல்லேல்லை" என்றீர்கள். ஏதோ களைப்பில் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அது மெய் என்று பட்டது. இணையத்தில் மரண அறிவித்தல் போட வேண்டாம் என்றீர்கள். எளிமையை விரும்புகிறீர்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். "மகனுக்கு அறிவிச்சாச்சோ?" என்று ஐயர் கேட்க, "ஓம்" என்றீர்கள். அதை நானே என் காதால் கேட்டேன்.

இங்கே ஆட்கள் என்ன கதைக்கிறார்கள் தெரியுமா? பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க வராதவன் என்று காறித் துப்புகிறார்கள். எங்கள் அருமைநாதன் அண்ணைக்கு அவரைத் தெரியும். "அவனோடை எனக்கினிக் கதையில்லை" என்று சொல்லிவிட்டார். அதனால் ஒருவரும் அவருக்குப் போன் எடுத்துத் துக்கம் விசாரிக்கவும் இல்லை. எல்லோரும் அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கோபமாக இருக்கிறார்கள். அந்த மனிசன் அங்கே தாய் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கிறார்.

அக்கா, இது பாவம். இன்றைக்கே சொல்லுங்கள். இலக்கத்தைத் தாருங்கள், நான் சொல்கிறேன்.

உங்களுக்காகச் செபிக்கும்
கிறேஸ்


கார்ட்டியர்வில்
3 மார்ச் 2024

கிறேஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? மருந்தை நேரத்துக்கு எடு.

இலக்கம் தரமாட்டேன். முப்பத்தோராம் நாள் சடங்கை 16ஆம் திகதி சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் வசதியான நாள் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவன் வந்து இறங்குகிறான். அவனே வந்து பார்க்கட்டும். நீ வருவதென்றால் வா, வாயைத் திறப்பதென்றால் வராதே.

நீ பாவத்தைப் பற்றி எழுதியபடியால் உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். கேட்டுவிட்டு மறந்துவிடு.

அன்று காலை நான் பால் சூடாக்கிக்கொண்டு போனேன். அம்மா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார். இப்போதும் நம்ப முடியாத பிடி.

"ரவி" என்றார்.

நான் மற்றக் கையால் பாலை மேசையில் வைத்தேன். திரும்பவும் "ரவி" என்றார்.

"ஓம் அம்மா" என்றேன்.

"எப்ப வந்தனி?"

"இப்பத்தான்."

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

அம்மா சிரித்தார், கிறேஸ். பதினொரு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டியிருக்கிறேன். எனக்கு அந்தச் சிரிப்பை ஒருநாளும் காட்டவில்லை. பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "கொக்கா எங்கை?" என்று கேட்டார். உன்னுடைய அக்கா எங்கே என்று என்னிடமே கேட்டார். கடைக்குப் போய்விட்டா என்றேன்.

"அவள் வரமுன்னம் வா, போவம்" என்றார்.

அவ்வளவுதான். பால் ஆடை கட்ட முன்னம் போய்விட்டார்.

மகன் வந்துவிட்டான் என்ற சந்தோசத்தில் அம்மா போனார். இதைச் சொன்னால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காலம் முழுக்க நிம்மதியாக இருப்பான். அவன் வராமலே அம்மா அவனுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். நானும் ஏன் கொடுக்க வேண்டும்?

பாவம் என்றால் அது என்னோடு இருக்கட்டும்.

நேசம்


பிராங்போட்
2 ஏப்ரல் 2024

அக்கா,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். மூன்று கிழமை நிற்க வந்தவன் மூன்றாம் நாள் திரும்பியது உங்களுக்குத் தெரியும். சுகம் விசாரிக்க மனம் இல்லை. ஆனாலும் சுகமாக இருங்கள்.

நடந்ததை நான் ஒருமுறை எழுத வேண்டும். நீங்கள் வாசிக்க வேண்டும்.

டாக்சியால் இறங்கி மாடி ஏறினேன். உங்கள் கதவுக்கு வெளியே சப்பாத்துகளும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. பருப்பு வாசமும் சாம்பிராணி வாசமும் வந்தன. அம்மாவுக்குச் சுகம் வந்து ஏதோ பூசை வைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துச் சந்தோசப்பட்டேன் அக்கா. கையில் பெட்டி, தோளில் அந்த மெத்தை. உள்ளே வந்தேன். எல்லோரும் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. அருமைநாதன் அண்ணை இலையை மடித்துவிட்டு எழும்பிப் போனார். நான் அம்மா எங்கே என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். ஒரு பிள்ளை சிரித்தது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். பிறகுதான் சுவரில் மாலை போட்ட படத்தைக் கண்டேன்.

நீங்கள் குசினியிலிருந்து வந்தீர்கள். "கையைக் கழுவிப்போட்டு இரு. சாப்பிடு, பசியோடை வந்திருப்பாய்" என்றீர்கள். எனக்கு முன்னால் இலை போட்டுச் சோறு வைத்தீர்கள். வடை வைத்தீர்கள். நான் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? மாடிப்படியில் கிறேஸ் அக்கா மட்டும் என் கையைப் பிடித்து அழுதா, ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு உங்கள் பெப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் தலையில் சிவமயம் போடவில்லை. சாவுத் துடக்கு வீட்டுக் கடிதத்தில் அதைப் போடமாட்டார்கள். அம்மா சொல்லித்தந்தது. நான் கவனிக்கவில்லை.

நான் பிழைகாரன்தான். ஆசையில்லாமல் பிந்தியவன் இல்லை. "நீ வந்து கொள்ளி வைச்சால்தான் போவன்" என்று அம்மா சொன்ன நாளிலிருந்து, நான் அங்கே காலை வைத்தால் அதுதான் அவருக்குச் சாவு என்று ஒரு பயம். வராமல் இருந்தே அவரைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நம்பினேன். மடத்தனம் என்பீர்கள். ஓம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். படமும் வேண்டாம், சேலையும் வேண்டாம். கடைசி நேரத்தில் நீங்கள் மட்டும்தான் பக்கத்தில் இருந்தீர்கள். அம்மா என்னைக் கேட்டாரா? என்ன சொன்னார்? திட்டியிருந்தாலும் பரவாயில்லை. இரவில் படுக்க முடியவில்லை அக்கா. எழுதுங்கள்.

இரவி


சிவமயம்

கார்ட்டியர்வில்
21 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

நான் சுகம். பனி கரைந்துவிட்டது. நிரஞ்சனிக்கும் ஆர்த்திகாவுக்கும் என் அன்பைச் சொல்.

செருப்புக் குவியலைப் பற்றியும் வடையைப் பற்றியும் எழுதியிருந்தாய். நடந்தது அதுதான், மறுக்கவில்லை. என்னைப் பத்து வருடம் காக்க வைத்தாய். உன்னை நான் ஒரு மாதம் காக்க வைத்தேன். பயம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் பயம் இருந்தது. பயத்தோடேதான் புண் கழுவினேன்.

நீ கேட்காததையும் சொல்கிறேன், தெரிந்துகொள். தகன மண்டபத்தில் ஐயர், "பொம்பிளையள் செய்யிறேல்லை, ஆரும் ஒரு ஆம்பிளை வாங்கோ" என்றார். வந்திருந்த ஆம்பிளைகள் எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போனேன். இங்கே கொள்ளிக்குப் பதிலாக ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினேன். திரும்பிப் பாராமல் வெளியே போகச் சொன்னார் ஐயர். நான் போகவில்லை. அங்கே வேலை செய்கிற மனிசனிடம் பிரெஞ்சில் கேட்டேன், சின்னக் கண்ணாடித் துளையைத் திறந்துவிட்டான். நெருப்புப் பிடிக்கும் வரைக்கும் பார்த்தேன். நீ இரக்கப்பட்டு நின்றாயே ஒருவனில், அவனைப்போல நான் முகத்தைத் திருப்பவில்லை.

பந்தக்காரர் இருவரைப் பற்றி நான் முதலில் எழுதியது பிழை என்று நீ நினைக்கலாம். நினை. மேலே பிடித்திருந்தவளும் நான்தான், சாய்த்தவளும் நான்தான். அந்தக் கல்லில் உனக்கு இடம் இல்லை. புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கடைசிவரை நல்ல நினைவு இருந்தது. என் கையைப் பிடித்திருந்தார். உன்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு ஒருமுறையும் உன் பெயர் அவர் வாயில் வரவில்லை.

என்னைத்தான் கூப்பிட்டார். "நேசம்" என்றார். "நீதான் பிள்ளை" என்றார். சிரித்தார். அதோடு சரி.

முதுகை வெப்பமாக வைத்துக்கொள்.

அக்கா சிவநேசம்